அம்மாவின் கலக்

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், ஜோக்ஜகார்த்தாவில் ஹர்கோனோவின் வாசகர்கள் ஒன்றுகூடி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். 'காயத்தோடு கைகுலுக்கு' என்ற அவனுடைய புத்தகம் பதினோராம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மனக்காயத்தை ஆற்றுவதில் அவனை விட்டால் ஆளில்லை என்றார்கள். அவனோடு ஏழு வருடம் குடித்தனம் நடத்திய யுஸ்னிதாரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அதனால் கூப்பிடாமலே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பையில் அவனுடைய புத்தகமும் பழைய நோட்டு ஒன்றும் இருந்தன.

சொந்த ஊரான பாடாங்கில் அவள் அம்மா இறந்த வருடம், ஆறுதலுக்கென்று அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தவன் அவன்தான். "அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. யார்கிட்டயும் காட்டாதே." அவளும் பைத்தியக்காரி மாதிரி நம்பி, ஒரு நோட்டில் தன் ஊர்த் தாய்மொழியில் எழுதினாள். விவாகரத்துக்குப் பிறகு கடையில் புத்தகத்தைப் புரட்டினால், நான்காம் அத்தியாயத்தில் அதே கடிதம். அவன் தன் அம்மாவுக்கு எழுதியதாம்!

திருடியதைக்கூட அவள் விட்டுத் தொலைத்திருப்பாள். 'சாயங்காலம் வாசலில் அம்மா கலக். அந்தக் கலக் காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்' என்ற வரியில்தான் அவள் வயிறு எரிந்தது. ஜாவாக்காரனான அவனுக்குக் கலக் என்றால் கடுகடுப்பு, சிடுசிடுப்பு. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் அப்படியே விட்டு, அந்த அம்மாவை ராட்சசியாக்கி, ஏச்சு வாங்கினால்தான் குழந்தை தூங்கும் என்று பத்தொன்பது பக்கம் விளக்கமும் எழுதியிருந்தான். பாடாங்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம், பாவி.

மேடையில் அவன் அந்தப் பக்கத்தைக் குரல் தழுதழுக்க வாசித்தான். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவன் முடித்ததும் யுஸ்னிதார் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம். இது உங்க அம்மாவுக்கு நீங்க எழுதினதுதானே?"

அப்போதுதான் அவளை அடையாளம் கண்டான். "ஒவ்வொரு எழுத்தும்," என்றான்.

கதவோரம் மதியச் சாப்பாட்டை இறக்கி வைத்துக்கொண்டிருந்த பாடாங் ஓட்டல்காரர் பக்கம் அவள் திரும்பினாள். "அண்ணே, நம்ம ஊர்ல அம்மா கலக்னா என்ன?"

"அம்மா சிரிக்கிறாங்கன்னு அர்த்தம். வேற என்ன?" என்றார் அவர், ரெண்டாங் எனும் இறைச்சிக் கறிச் சட்டியைக் கையில் பிடித்தபடி. "ஏன், இவரு என்னன்னு நெனச்சாரு?"

அவள் நோட்டைப் பிரித்து, தன் கையெழுத்தையும் தேதியையும் முன்வரிசையில் காட்டினாள். "செத்தது எங்க அம்மா. வேலை முடிஞ்சு வர்ற என்னை வாசல்ல பாத்துச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டா எனக்குத் தூக்கம் வரும். அதைத்தான் இவரு கடுகடுப்பாக்கிப் பத்தொன்பது பக்கம் வைத்தியம் பாத்திருக்காரு."

முதலில் யாரோ பின்னால் களுக்கென்றார்கள். பிறகு அழுத கண்ணோடு முன்வரிசையே சிரித்தது.

ஹர்கோனோ மைக்கை இறுக்கிப் பிடித்தான். "உங்க கோபத்தை மதிக்கிறேன். மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

"என் மூச்சு நல்லாத்தான் இருக்கு. உங்களோடதைப் பாத்துக்குங்க."

வேறு வழியில்லாமல் அவன் இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் நீட்டினான். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சிடுங்க." பெருநாள் மாதத்தில் நீட்டிய கையைத் தட்டிவிட்டால் ஊர் தூற்றும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் அந்தக் கையில் புத்தகத்தை வைத்தாள், மேலே ஒரு பேனாவையும் வைத்தாள். "மன்னிப்பு அப்புறம். நாலாம் அத்தியாயத்துல திருத்தி எழுதுங்க. 'இது யுஸ்னிதாரோட அம்மா. அவங்க சிரிச்சாங்க.' கீழே கையெழுத்துப் போடுங்க."

எழுதினான். கையெழுத்தும் போட்டான். அவள் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிப்பு?" என்றான்.

"மன்னிக்கல," என்றாள் அவள், அம்மாவைப் போலவே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.