மந்திரவாதிக்கு விழுந்த வெட்டு

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆன்லைன் விளையாட்டு ஒன்றில், களத்தில் மோதும் மந்திரவாதிக்கும் வாள்வீரனுக்கும் பலம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது அவள் வேலை. அந்த வருடம் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மந்திரவாதி நின்ற இடத்தில் நின்றபடி தன்னைச் சுற்றிக் கவசம் எழுப்பிக்கொண்டு மின்னலை வீசுவான். வாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவன் பாதி வழியிலேயே கருகிவிடுவான். வீரர்களாக ஆடியவர்கள் வெறுத்துப்போய்க் கும்பல் கும்பலாக விலகினார்கள்.

"ஒரு வெட்டு விழுந்தா கவசம் உடையணும். மந்திரவாதி ஓடிக்கிட்டே மந்திரம் போடட்டும்" என்றார் மேலாளர்.

அவளும் அதைத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆனாலும் அண்ணன் நினைவுக்கு வந்தான்.

அவள் அண்ணன் அந்த விளையாட்டில் மந்திரவாதி. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அவனுக்கு. கழுத்துக்குக் கீழே அவன் பேச்சைக் கேட்டவை வலது கையின் இரண்டு விரல்கள்தான். ஒன்று கவசத்துக்கு, ஒன்று மின்னலுக்கு. அதை வைத்துக்கொண்டே ஓர் அணிக்குத் தலைவனாகியிருந்தான். அவன் படுத்த படுக்கை என்பது அணியில் ஒருவருக்கும் தெரியாது.

"கை வராதவங்களும் ஆடுறாங்க சார். அவங்களுக்குத் தனியா ஏதாவது..."

"எத்தனை பேரும்மா இருக்கப்போறாங்க? அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மாற்றம் வெளியாகும்வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்பது கம்பெனி விதி. விதி, விதி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மையில் தைரியம் இல்லை.

வெளியான அன்று வீடு திரும்பியபோது அண்ணன் களத்தில் இருந்தான். ஒரு வாள்வீரன் பாய்ந்து வெட்டினான். கவசம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஓடுங்க தலைவரே, ஓடுங்க!" என்று ஸ்பீக்கரில் கத்தினார்கள். விரல் அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தியது. மந்திரவாதி நின்ற இடத்திலேயே செத்து விழுந்தான்.

"என்னடா, இன்னிக்கு உன் ஆளு விழுந்துகிட்டே இருக்கான்?" என்றாள் அம்மா, வாயில் கஞ்சி ஊட்டியபடி.

அந்த வாரமே அணிப் பையன்கள், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க தலைவரே" என்று பதமாகச் சொல்லி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"நீ பண்ணதா?" என்று கேட்டான் அண்ணன்.

"ஆமாண்ணா."

"சரியாத்தான் பண்ணியிருக்க. வாள்காரனும் எத்தனை நாளைக்குத்தான் சும்மா சாவான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே அவனுங்ககிட்ட போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு மரியாதையா கிளம்பியிருப்பேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுது தொலைக்காத. மூக்குத் துடைச்சுவிட எனக்குக் கை வராது."

அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி அவன் கேட்கவே இல்லை. விலகிப்போன வீரர்கள் விளையாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அலுவலகத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள். அடுத்து வில்லாளிகளைச் சரிசெய்யும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில் அவனால் தானாக மூச்சுவிட முடியவில்லை. இயந்திரம் வந்தது. கட்டிலருகே வைக்க இடம் இல்லை.

"அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துடலாமாடா?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். சரி என்று அர்த்தம்.

தங்கை மேசைக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கினாள்.