செவலையின் இரண்டாம் சக்கரம்

கோம்பையில் பால் சொசைட்டிக் கணக்குப் பார்க்கும் தங்கப்பாண்டிக்கு, மாட்டுக்கொட்டத்தின் ஓரத்தில் ஒரு பழைய லேத் உண்டு. இரும்பைச் சுருள் சுருளாகக் கடைந்து தள்ளுவதில் அந்த மனுசனுக்கு அப்படி ஒரு சுகம். ஊரில் இதைப் பேச ஆளில்லை. கிறுக்கு என்றுதான் பேர். அதனால் 'கடைசல் நண்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். சேர்ந்து என்ன புண்ணியம்? கோயம்புத்தூர், ஓசூர் ஆட்கள் பேசுவதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பார்.

அவர் வாயைத் திறக்க வைத்தது வீட்டு நாய் செவலை. டிராக்டர் ஏறி அதற்குப் பின்னங்கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டன. படுத்தே கிடந்தால் புண் வைத்துச் செத்துப்போகும் என்று மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். விடுவாரா தங்கப்பாண்டி? பின்னுடம்பைத் தாங்க ஒரு சக்கர வண்டி செய்ய இறங்கினார். ஆயுத பூஜைக்கு முன்னால் கடைந்த முதல் சக்கரம் நேராகச் சுற்றியது. பூஜை முடிந்து கடைந்த இரண்டாவது, குடிகாரன் மாதிரித் தள்ளாடியது. மாட்டிப் பார்த்தபோது தொடையில் உரசித் தோலை உரித்துவிட்டது. செவலை கத்தவில்லை, அவரையே பார்த்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெட்கத்தை விட்டு, பூஜைக்கு முன்னும் பின்னும் கடைந்த கதையைச் சொல்லிக் குழுவில் கேட்டார். பேரிங் போச்சு என்றார் ஒருவர். மெஷினையே மாத்துங்க என்றார் இன்னொருவர், என்னமோ சட்டை மாற்றுவது போல. கடைசியில் ராயப்பன்பட்டியில் நர்ஸாக இருக்கும், வீட்டில் லேத்தும் வைத்திருக்கும் அனிதா மேரி குரலில் பேசி அனுப்பினாள்.

"அண்ணே, இரும்பைக் கவ்வுற சக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, அதைக் கழட்டி, அது உக்கார்ற இடத்தைப் பாருங்க. அங்கன தூசி இருந்தாக்கூட எல்லாம் கோணலாப் போயிரும்."

கழற்றினார். அடக் கொடுமையே! சக்கு உட்காரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் கல்லாகக் காய்ந்திருந்தன. பூஜைக்குத் துடைக்கச் சக்கைக் கழற்றியவர் அவர்தான். அந்த நேரம் பார்த்து மனைவி மகாலட்சுமி பொட்டு வைத்திருக்கிறாள். இவரும் கவனிக்காமல் அதன்மேலேயே மாட்டி இறுக்கிவிட்டார்.

குழுவில் சொல்ல மனம் வரவில்லை. அவளை ஊர் ஊராகக் கேலி பண்ணுவார்களே. 'லேசா துரு' என்று தட்டிவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு வந்த துருவாண்ணே?" என்று அனிதா மேரியின் குரல் சிரித்தது. "எங்க லேத்தைச் சர்ச்சு சாமியார் மந்திரிச்சாக. தீர்த்தத்தைத் தாராளமாத் தெளிச்சிட்டாக. அம்மா துடைக்கவே விடல. எனக்கு வந்தது நெசத் துரு."

ஓசூர்க்காரர் தன் பங்குக்கு, தன் லேத்துக்குள் பூஜை எலுமிச்சம்பழச் சாறு இறங்கிய கதையை எழுதினார். தங்கப்பாண்டி அப்போதுதான் சிரித்தார். உண்மையை எழுதிப் படத்தையும் போட்டார்.

மகாலட்சுமிக்குத்தான் முகம் செத்துப்போனது.

"நான் வச்ச பொட்டாலயா அதுக்குப் புண்ணாச்சு? அது எந்திரிச்சு நடக்கணும்னு வேண்டித்தானே வச்சேன்."

"பாக்காம மாட்டுனது நான்ல. நீ என்ன பண்ணுவ."

 மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி, கடைசித் துணுக்கு போகும்வரை அவளே தேய்த்தாள். அதன்பின் கடைந்த சக்கரம் இம்மியும் ஆடவில்லை.

புண் ஆறியதும் வண்டியைக் கட்ட எடுத்தார். மகாலட்சுமி குங்குமச் சிமிழோடு வந்து தயங்கி நின்றாள்.

"ஏங்க, பொட்டை எங்கன வச்சா இடைஞ்சல் இல்ல?"

 தங்கப்பாண்டிக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே குழுவில் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. லேத்தின் மோட்டார் மூடியில் வைக்கலாம் என்றார் கோயம்புத்தூர்க்காரர். அடிக்கட்டை நல்லது என்றார் ஓசூர்க்காரர்.

"நடக்கப் போறது யாருண்ணே? அது நெத்தியில வைக்கச் சொல்லுங்க" என்றாள் அனிதா மேரி.

மகாலட்சுமி வைத்தாள். செவலை அவள் கையை நக்கியது. பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு, எதிரே மேய்ந்த கோழியைத் துரத்திக் கிளம்பியது. படம் பிடிக்க மறந்து இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.