பெயர் சொல்லாத குரல்

வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பஞ்சாட்சரம். அவருக்கு எதிரே, பாயில், மனைவி ராணியம்மாள். அவள் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆலங்காயத்துப் பெண் தேவயானி. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு வைத்துக்கொள்கின்றன என்று ஸ்கேன் எடுத்து ஆராய்பவள். படியில் மகன் கோகுல்ராஜ்.

பக்கவாதம் வந்ததிலிருந்து பஞ்சாட்சரம் பேசவில்லை. பிறர் பேசுவது புரிகிறதா என்றும் தெரியவில்லை. ராணியம்மாளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். ஸ்கேன் மெஷினுக்குள் அவர் படுத்திருக்கும்போது, பதிவு செய்த மனைவியின் குரல் அவர் பெயரைச் சொல்லும். அதைக் கேட்டு மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்று படம் காட்டும்.

"பேர மட்டும் சொல்லுங்கம்மா."

"அவரு பேரயா? நானா?" ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரேஷன் கடைல அப்பா பேரக் கேட்டாகூட, அம்மா என்னத்தான் சொல்லச் சொல்லும்," என்றான் கோகுல்ராஜ்.

"நீ சும்மா கெட."

"சொல்லலன்னா இவர ஆராய்ச்சில சேக்க முடியாதும்மா," என்றாள் தேவயானி, தயங்கியபடி.

ராணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "பஞ்... பஞ்சாட்சரம்."

வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதுபோல் இருந்தது. பஞ்சாட்சரம் அசையவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த நேரம் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால், காயப்போட்ட சாமையில் மாடு வாய் வைத்தது.

"இந்தாங்க, மாடு சாமைய திங்குது. கல்லாட்டம் குந்தினு கீறீங்களே."

பஞ்சாட்சரத்தின் இடது கை எழுந்து, நாற்காலியோரம் கோலைத் தேடித் துழாவியது. மாட்டை ஓட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"ஏறிச்சா? நான் சொன்னது அவரு காதுல ஏறிச்சா?"

"ஒரு தடவ கை எழுந்தத வெச்சு சொல்ல முடியாதும்மா. படம் எடுத்துதான் பாக்கணும். ஆனா தப்பு எங்க பேர்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க வாய்ல கேக்காத வார்த்தைய அவருக்குக் கேக்க வெக்கப் பாத்தோம்."

தேவயானி அங்கேயே உட்கார்ந்து, ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: இவர் மனைவி இவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, வழக்கமாக அழைப்பதுபோல் 'இந்தாங்க' என்றே ஒலிக்க அனுமதிக்க வேண்டும். ராணியம்மாள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மாட்டு சங்கதிய எழுதாதம்மா. புருசன திட்றாளேன்னு நெனப்பாங்க."

"அதத்தாம்மா மொதல்ல எழுதிருக்கேன்."

ராணியம்மாள் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். கோகுல்ராஜ் உறையை ஒட்டி அழுத்தித் தேய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தபாலில் சேர்க்க ஜமுனாமரத்தூருக்கு வண்டியைக் கிளப்பினான்.