வாற ஞாயிறு

அருளம்பலத்தாருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மின்சாரப் பகுதியில் கம்பம் நட்ட காலத்தில், மற்றவர்கள் தட்டிக் கழித்த மழைநாள் வேலையெல்லாம் அவர் தலையில்தான் வந்து விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகாவது ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்தார். அப்படி நினைத்த மனிதர் சும்மா இருந்திருக்க வேண்டும். ஊரே கண்வைக்கிற மாதிரி ஒரு பழைய லாண்ட்றோவரைத் திருத்தி முற்றத்தில் நிறுத்தியது அவருடைய பிழைதான்.

அந்த ஜீப் கொடிகாமத்தில் ஒரு தேங்காய்க் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. தரைத் தகடு உக்கியிருந்தது. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி அடை கிடந்தது. சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் குடித்துப் பழகிய எஞ்சின் இறுகிப்போய் அசைய மறுத்தது. சாமான் தேடி அவர் கொழும்புக்கு பஸ் ஏறினார். அங்கேயும் கிடைக்காததை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டுவித்தார். மனைவி மகாதேவியின் பேசின் சட்டிகள் ஒவ்வொன்றாகக் குசினியை விட்டு வெளியேறி, டீசலில் ஊறும் நட்டுகளுக்கு வீடாயின.

"மாக் குழைக்க ஒரு சட்டி இல்லை. என்னை விட்டுட்டு நீங்கள் உந்த இரும்பையே கட்டியிருக்கலாம்" என்றாள் அவள். அவர் கையிலிருந்த கிறீசைச் சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த நட்டை எடுத்தார்.

பேச வேண்டியதையெல்லாம் நாகலிங்கம் பேசினார். அதே பகுதியில் ஜீப் ஓடியவர். வேலைக்காலம் முழுவதும் அவர் ஓட்ட, அருளம்பலத்தார் இடப்பக்கத்தில் இருந்தார். ஒருநாள்கூட ஸ்ரேறிங் கைமாறியதில்லை. இப்போது சலரோகம், அந்தச் சீனி வியாதி, அவருடைய கால்விரல் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. மகன் குகதாசன் காலையில் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, பிழை பிடிப்பார். உதவி என்று கையால் ஒன்றும் செய்தவரில்லை. ஆனால் அவர் வராத நாளில் அருளம்பலத்தாருக்கு வேலை ஓடாது.

எஞ்சின் முதல்முதலாக ஒழுங்காக உறுமிய அன்றைக்கு நாகலிங்கம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மணற்காட்டுக் கடற்கரை மணலிலை ஒருக்கா என்னை ஓட விடு, அருளம். கால் ஏலாட்டி பக்கத்திலை இருக்கிறன், நீ ஓடு. பேந்து நீ இதைக் கோழிக்கூடாக்கினாலும் எனக்குக் கவலையில்லை."

"வாற ஞாயிறு போவம்" என்றார் அருளம்பலத்தார்.

அந்த ஞாயிறு மகாதேவியின் தம்பி கனகசபாபதி உடுவிலிலிருந்து வந்து நின்றார். மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு. பிள்ளையை லாண்ட்றோவரில் மண்டபத்துக்குக் கொண்டுபோனால் வீடியோவுக்கு எடுப்பாக இருக்குமாம். வீட்டிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க வண்டிக்கு வலை கட்டி, பூச் சோடித்து, மேலே டிறோன் பறக்கவிட்டார்கள். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பிறகு யார் விட்டார்கள்? கலியாணம், பிறந்தநாள், பொன்னுருக்கல், மாப்பிள்ளையும் பொம்பிளையும் முன் பொனற்றில் ஏறி நின்று படம் எடுக்கிறது என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. கேட்டவர்கள் எல்லாரும் சொந்தம். சொந்தமில்லாதவர்களும் வாசலுக்கு வரும்போது சொந்தமாகியே வந்தார்கள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு எங்கடை வீட்டிலையும் ஒரு நல்லது கெட்டது வரும். அப்ப ஆக்கள் வேணுமெல்லே?" என்று மகாதேவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவரும் ஓம் என்பார்.

மலையும் மணலும் ஏறப் பிறந்த வண்டி தார் றோட்டில் நடைவேகத்தில் ஊர்ந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அருளம்பலத்தார் குனிந்து நின்று, ஆசன மடிப்புகளுக்குள்ளிருந்து மினுக்குத் தூளைப் பழைய பல்பிறஷ்ஷால் சுரண்டினார். பொனற்றில் பொம்பிளைகளின் குதிச்செருப்பு போட்ட பள்ளங்களைத் தடவிப் பார்த்தார். நாரியும் முதுகும் விட்டுப்போகும். அதைவிட மனம் விட்டுப்போகும். எஞ்சின் கழற்றிப் பூட்டிய வருடங்களில்கூட அவர் இப்படிக் களைத்ததில்லை.

பிறகு நாகலிங்கத்துக்குப் போன் எடுப்பார். "இந்தக் கிழமை ஏலாமப் போச்சு. வாற ஞாயிறு."

"எனக்கென்ன, எல்லா ஞாயிறும் ஞாயிறுதான்" என்று மற்றப் பக்கம் சிரிப்புக் கேட்கும். கார்த்திகையில் அந்தச் சிரிப்புக்கு நடுவே இருமலும் வந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, நாகலிங்கம் நித்திரையிலேயே போய்விட்டார். அடுத்தநாள் மத்தியானம் குகதாசன் போனில் அழுதான். "மாமா, கிரியையெல்லாம் முடிஞ்சுது. பிரேத வண்டி றோட்டிலையே நிக்குது. வீட்டுக்கு வாற ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணி, கீழை ஒரே கிடங்கும் பள்ளமும். தோளிலை கொண்டுபோனா விழுத்திப்போடுவம். உங்கடை ஜீப்..."

மகாதேவி பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குத் தம்பியின்ரை மகன் பிரவீணன்ரை கலியாணம். மாப்பிளை இதிலைதான் வாறதெண்டு தம்பி எல்லாருக்கும் சொல்லிப்போட்டான். பிரேதம் ஏத்தின வாகனத்திலை மாப்பிளை வருவானே? வேறை யாரையும் பிடிக்கச் சொல்லுங்கோ."

அருளம்பலத்தார் அவளுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஜீப்பின் திறப்பை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

ஒழுங்கை வாசலில் வண்டியை நிறுத்தினார். வயலும் பாதையும் ஒன்றாகிக் கிடந்தன. பொனற்றைத் திறந்து விசிறியின் பெல்ற்றைக் கழற்றி ஆசனத்தில் போட்டார். கழற்றாவிட்டால் விசிறி தண்ணீரை அள்ளி எஞ்சின்மேல் எறியும் என்று கதிரையில் இருந்தபடி சொன்னவர் இப்போது வீட்டுக்குள் பெட்டியில் கிடந்தார். பிறகு சிவப்புக் குமிழ் வைத்த லீவர்; அதற்கும் நாகலிங்கத்தின் பாடம் இருந்தது. "நிப்பாட்டிப்போட்டு சிவப்பைப் பின்னுக்கு இழு. பேந்து வண்டியை நம்பு. காலாலை உதைச்சுத் துரத்தாதை." இழுத்தார். நாலு சில்லும் ஒன்றாகப் பிடித்தன.

வீட்டில் பெட்டியை ஏற்றினார்கள். நாகலிங்கத்தின் மனைவி செல்வநாயகி தலைவிரிகோலமாக வந்து ஜீப்பின் பின்தகட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, ஊர்ந்துகொண்டு போகாதேங்கோ. உங்களுக்கு ஓட்டம் காணாது எண்டு இவர் எப்பவும் சொல்லுறவர். இண்டைக்கெண்டாலும் உசாரா ஓடுங்கோ" என்று சொல்லித் தகட்டில் அடித்து அழுதாள்.

கொள்ளி வைக்க வேண்டிய குகதாசன் ஈரத் துண்டோடு இடப்பக்கம் ஏறினான். வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. எஞ்சின் சீராக முனகியது. ஒரு சில்லு கிடங்கில் இறங்க மற்ற மூன்றும் இழுத்து வெளியே எடுத்தன. முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வேலி ஓரம் போய் அடித்தது. அருளம்பலத்தாருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். சிநேகிதன் பின்னால் செத்துக்கிடக்க, பக்கத்தில் அவன் பிள்ளை அழுதுகொண்டிருக்க, தன் உதடு சிரிக்கப் பார்த்ததை அவர் பல்லால் கடித்து அடக்கினார். றோட்டில் ஏறியதும் ஸ்ரேறிங்கில் தலையை வைத்து அழுதார். பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். அது துக்கமும்தான்.

ஒழுங்கைக் கரையில் நின்ற யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். சுடலையிலிருந்து அவர் வந்து தலை முழுகி முடிய முன்னரே, பிரேதம் ஏற்றிய லாண்ட்றோவர் பேஸ்புக்கில் வெள்ளம் கடந்துகொண்டிருந்தது. இரவாக முன் கனகசபாபதி போன் எடுத்தார்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ரை நல்ல காரியம். நாங்கள் ஒரு காரைப் பிடிக்கிறம்."

"அதுக்கென்ன" என்றார் அருளம்பலத்தார்.

பிறகு தைமாதக் கலியாணக்காரர் ஒவ்வொருவராகக் கதைத்தார்கள். ஒருவருக்குத் திடீரென்று குதிரை வண்டி பிடித்துப்போனது. இன்னொருவருக்கு மண்டப வாசல் ஒடுங்கிப்போனது. ஒருவரும் உள்ளதைச் சொல்லவில்லை. மார்கழி முடியமுன் போன் அடங்கிவிட்டது.

முதலில் அவருக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. பிறகுதான் நெஞ்சில் தைத்தது. தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல். அதைத் தனக்குப் பதிலாகச் சொல்ல நாகலிங்கம் சாகவேண்டியிருந்தது. ஞாயிறு வந்தால் முற்றத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டார்.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலை மகாதேவி வந்து திறப்பைக் கட்டிலில் போட்டாள்.

"எழும்புங்கோ. அந்த மனிசனுக்குச் சொன்ன இடத்துக்குப் போட்டு வருவம்."

"நீர் என்னத்துக்கு?"

"ஓம் ஓம் எண்டு எல்லாருக்கும் சொல்ல வைச்சது நானெல்லே" என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இடப்பக்கம் ஏறி இருந்தாள்.

மணற்காட்டில் தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். முன்னால் வெள்ளை மணல் மேடு மேடாகக் கடல்வரைக்கும் கிடந்தது. அவர் சிவப்புக் குமிழில் கை வைக்கும்போது, கழுத்தில் கமரா தொங்க ஒரு பொடியன் ஓடிவந்தான். சவுக்கமரத்தடியில் புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் சோடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, சோக்கான ஜீப். ஒரு பத்து நிமிசம் தாங்கோ, ரெண்டு படம் எடுத்திட்டுத் தாறம். பொம்பிளை பாவம், ஆசைப்படுறா."

மகாதேவி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"மாட்டன், தம்பி" என்றார் அருளம்பலத்தார்.

பொடியன் சண்டை பிடிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "சரி ஐயா, பிரச்சினையில்லை" என்று சிரித்துவிட்டுத் திரும்பி ஓடினான். வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. இதைச் சொல்லவா இத்தனை ஞாயிறு போனது?

லீவரைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணீர் மறைத்தது; புறங்கையால் துடைத்துக்கொண்டார். மகாதேவி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வண்டி மெல்ல மணலில் ஏறியது.