உடனிருப்பவர் பேசக் கூடாது

நான் பல் டாக்டர். ஊரையெல்லாம் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காரச் சொல்லிட்டு, பேச்சை மட்டும் நானே பேசுறவ. எதிர்ப்பேச்சு பேச முடியாத ஆளுங்க வேணும்னுதான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன்னு எங்க அக்கா கேலி பண்ணுவா. அப்பேர்ப்பட்ட என்னைக் கூப்பிட்டு, விசாரணையில வாயே திறக்காம உட்காரணும்னு சொன்னாங்க. நல்ல ஆளைப் பிடிச்சாங்க.

விசாரணை அக்கா பொண்ணு மேல. வீட்டுல அவளுக்கு வாலுன்னு பேரு. யுனிவர்சிட்டியில மூணாவது வருஷம் கெமிஸ்ட்ரி. லேப்ல அளவெல்லாம் தானே எடுக்காம, சிநேகிதி எடுத்ததைப் பார்த்து அங்கங்க மாத்தி எழுதிக் குடுத்துட்டா. மாட்டிக்கிட்டா. தப்புதான். நானும் மூடி மறைக்கல, அவளும் மறைக்கல. அவங்கப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. அக்கா இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு படுத்த படுக்கையா கிடந்தா. அதனால கிளினிக்கைப் பூட்டிட்டு நான் கிளம்பிப் போனேன்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு ஒரு செயலாளர் அம்மா. மடிப்புக் கலையாத புடவை, மடிப்புக் கலையாத பேச்சு. மாணவிக்குப் பக்கத்துல சொந்தக்காரங்க ஒருத்தர் உட்காரலாம், அவருக்கு "உடனிருப்பவர்"னு பேரு, கையைப் பிடிச்சுக்கலாம், தண்ணி எடுத்துக் குடுக்கலாம், ஆனா பேசக் கூடாதுன்னாங்க. பேசினா விசாரணை அங்கேயே நிக்கும், அடுத்த மாசக் கூட்டத்துக்குத் தள்ளிப் போகும்.

"தும்மலாமா?"ன்னு கேட்டேன்.

அவங்க சிரிக்கல. "போன வருஷம் ஒரு அப்பா வந்திருந்தார். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. எவ்வளவு சுமுகமா முடிஞ்சுது தெரியுமா?"ன்னாங்க.

வாலுவை ஹாஸ்டல்ல வெச்சிருக்கல. விசாரணை முடியற வரைக்கும் சாட்சிங்களோட பேசிடக் கூடாதாம். சிநேகிதியும் சாட்சி, பக்கத்து ரூம் பொண்ணும் சாட்சி, மெஸ்ல கூட உட்கார்ந்து சாப்பிடறவளும் சாட்சி. ஆகக்கூடி, அவகிட்ட பேசக்கூடிய ஆள் ஒருத்தரும் மிச்சமில்ல. பழைய விருந்தினர் கட்டடத்துக் கடைசி ரூம்ல கொண்டுபோய்ப் போட்டிருந்தாங்க. போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அவங்க பாஷையில இதுக்குப் பேரு பாதுகாப்பு.

ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே எனக்கு என்னமோ பண்ணுச்சு. சுத்தமாத்தான் இருந்தது. புதுசா சுண்ணாம்பு அடிச்ச வாசனை. கூரையில மின்விசிறி இல்ல, அதை மாட்டற கொக்கியை அடியோட அறுத்து, மேல பூசிவிட்டிருந்தாங்க. மூலையில ஒரு மேசை விசிறி. ஜன்னல்ல கம்பிக்கு மேல இன்னொரு கம்பி. கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்துல நாலு ஓட்டை. பாத்ரூம் கதவுலயும் அப்படித்தான். எதுக்காகவோ அந்த ரூமைத் திருத்தியிருக்காங்க. எதுக்குன்னு கேட்க எனக்கே பயமா இருந்தது.

வாலு கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருந்தா. கட்டில்ல மிச்ச இடத்தை யாருக்கோ விட்டு வெச்ச மாதிரி உட்கார்ந்திருந்தா.

"இங்க வாடி, எவ்வளவு இளைச்சுட்ட"ன்னு இழுத்து அணைச்சேன். உடம்பு வந்துச்சு, அவ வரல.

"சித்தி, எனக்குக் கண்ணாடி போட்டா நல்லா இருக்குமா?"

"பார்வை ஏதாவது மங்குதா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

சாயங்காலத்துக்கு மேல வெளியாள் தங்கக் கூடாதுன்னு என்னை அனுப்பிட்டாங்க. லாட்ஜ்ல படுத்தா தூக்கம் எங்க வருது? கோபம் மூக்குக்கு மேல நின்னுச்சு, ஆனா யாரைத் திட்டறதுன்னு தெரியல.

மறுநாள் காலையில அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கற ஆயாம்மா டீ கொண்டுவந்து வெச்சுட்டு, "கண்ணாடியை மறந்துட்டுப் போயிடாதே தாயி"ன்னு வாலுகிட்ட சொன்னா. வாலுவும், "சரிம்மா"ன்னா.

அவ தலை வார உள்ள போனதும் நான் ஆயாம்மாவை வராந்தாவுக்கு இழுத்துட்டு வந்தேன். "அவளுக்கு ஏது கண்ணாடி?"

ஆயாம்மா முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. "வாய் தவறிச் சொல்லிட்டேன்மா. போன வருஷம் இதே ரூம்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, அது கண்ணாடி போட்டிருக்கும். அதையும் இதே மாதிரி விசாரணைன்னுதான் தனியா வெச்சிருந்தாங்க. முடிஞ்சு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கிச்சு. அதுக்கப்புறம் நாங்கதான் உடைச்சுத் திறந்தோம்." முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "சத்தமே போடாத பொண்ணும்மா. அவங்கப்பா கூடவேதான் வந்திருந்தார். அவரும் அப்படித்தான், வாயே திறக்க மாட்டார்."

எவ்வளவு சுமுகமா முடிஞ்சுதுன்னு செயலாளர் அம்மா மெச்சிக்கிட்ட அப்பா அவர்தான்னு அப்பத்தான் உறைச்சுது. கொக்கியை அறுத்தாங்க, தாழ்ப்பாளைப் பிடுங்கினாங்க, அடுத்த பொண்ணையும் அதே ரூம்லயே கொண்டுவந்து போட்டாங்க. பாவிங்க, வழக்கத்தை மட்டும் மாத்தல.

விசாரணை அறையில நாலு பேர். நடுவுல தலைவர், வயசான பேராசிரியர். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். குரல்கூட மெதுவாத்தான் வந்தது. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். பேசினா தள்ளிப் போகும், தள்ளிப் போனா ஒரு மாசம் அதே ரூம். சும்மா இருடி, சும்மா இருடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

"நீங்க குடுத்த அளவுகள் நீங்களே எடுத்ததா?"

"இல்ல சார்."

"தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"வருத்தம் தெரிவிக்கறீங்களா?"

"ரெண்டு பேருமே தெரிவிக்கறோம் சார்."

தலைவர் தாளைப் புரட்டினார். "ரெண்டு பேர்னா? உங்க சிநேகிதியா?"

"இல்ல சார். ரூம்ல இருக்கறவ. இந்த நாற்காலியிலதான் தானும் உட்கார்ந்ததா சொன்னா. முடிஞ்சதும் நேரா ரூமுக்கு வந்துடு, பயமா இருக்காதுன்னு சொல்லியிருக்கா."

பாடம் ஒப்பிக்கற குரல்ல சொன்னா. செயலாளர் அம்மாவோட பேனா நின்னுடுச்சு. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கல. தலைவர் தண்ணி குடிச்சார். டம்ளரை வெச்சுட்டு, "இது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. பதிவு பண்ண வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போகலாம்"னார்.

நான் எழுந்து நின்னுட்டேன்.

"போக வேண்டாம் சார். அந்தப் பொண்ணு யாருன்னு உங்க நாலு பேருக்கும் தெரியும். இவ இனிமே அந்த ரூமுக்குப் போகப் போறதில்ல."

"உடனிருப்பவர் பேசக் கூடாது"ன்னாங்க செயலாளர் அம்மா.

"பேசிட்டேன். எழுதிக்கோங்க."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். விசாரணை ஒத்திவைக்கப்படுது, அதுவரைக்கும் மாணவி அதே ஏற்பாட்டுல இருக்கணும், வளாகத்தை விட்டுப் போனா ஆஜராகலைன்னு எடுத்துக்கிட்டுப் பேரை நீக்க வேண்டி வரும்னார். மிரட்டற தொனி இல்ல. ரயில் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

வாலு ரெண்டு கையாலயும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டா. "சித்தி, கெடுக்காதே. இன்னும் ரெண்டு கேள்விதான் இருந்தது. பேசாம இருந்தா முடிஞ்சிருக்கும்." அவ விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டு அவளைக் கூட்டிட்டு வந்தேன். துணிமணிகூட அங்கேயே கிடந்தது. எனக்கு அந்த ரூம் பக்கம் திரும்பவே பயமா இருந்தது.

பேரை நீக்கிட்டாங்க.

அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதச் சொல்லி விடறதாத்தான் இருந்தாங்களாம், அப்புறம் கேள்விப்பட்டேன். மூணு வருஷப் படிப்பு என் வாயால போச்சு. நான் பேசாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணுமே ஆகாம, எல்லாரையும் போல இன்னிக்குப் பட்டம் வாங்கியிருப்பாளோ என்னமோ. யார்கிட்ட போய்க் கேட்கறது? இந்தக் கேள்வி என்னை விடறதே இல்ல. ஊசி போடக் கையைத் தூக்கறப்போகூட வந்து நிக்குது.

அவளை என் வீட்டுலயே வெச்சுக்கிட்டேன். மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், மாத்திரை சாப்பிடறா. மாசக்கணக்கா என்னோட முகம் கொடுத்துப் பேசல. சாப்பாட்டை வெச்சா சாப்பிடுவா, கூப்பிட்டா வருவா. சமயத்துல யாருக்கோ வழிவிடற மாதிரி வாசல்ல ஒதுங்கி நிப்பா.

நேத்துக் காலையில நான் கிளினிக்குக்குக் கிளம்பறேன், திடீர்னு வெடிச்சுட்டா. "உன்னாலதான் என் படிப்பு போச்சு. உன் வாய்தான் என்னைக் கெடுத்துச்சு. என்னைக் கேட்டியா நீ? உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்." தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினா. கையில கிடைச்ச டம்ளரைத் தூக்கி எறிஞ்சா. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தா.

நான் பையைக் கீழ வெச்சுட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகையா வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

"ஆமாடி, என்னாலதான். நல்லாத் திட்டு. நாளைக்கும் திட்டுவியா?"

"திட்டுவேன்."

"நாளன்னைக்கு?"

"தினம் திட்டுவேன்."

"சத்தியம் பண்ணு"ன்னு கையை நீட்டினேன். அவ அழுதுக்கிட்டே ஓங்கி அடிச்சு சத்தியம் பண்ணா.