பாறை நிறம்

தம்பியின் படம் பத்திரிகையில் வந்த அன்று என் மனைவி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் முகத்தில் விழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. கையில் ஒலிபெருக்கி, பின்னால் மலை. கீழே 'மலையின் காவலர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவன் அந்த மலையில் ஏற ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"உங்க தம்பி எவ்வளவு களையா இருக்காரு பாருங்க," என்றாள். பார்த்தேன். வயிறு எரிந்தது.

நான் போர்டு எழுதுகிறவன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, மிச்சமிருந்த வெள்ளை பெயின்ட்டில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாறைகளில் உள்ளங்கையளவு புள்ளிகள் வைத்தேன். வருடாவருடம் மழை முடிந்ததும் போய் மேலே ஒரு கோட் கொடுத்துவிட்டு வருவேன். ஊரே அந்தப் புள்ளிகளைப் பிடித்துத்தான் ஏறியது. ஓட்டம் பழகும் பிள்ளைகள், முட்டிவலிக்காரர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற கணவன்மார்கள். யார் வைத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்திருக்கிறேன் என்பது தம்பி வந்த பிறகுதான் புரிந்தது.

அவன் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்த ஆறாவது மாதம், மலையைக் கல் குவாரிக்குக் கேட்டு ஒரு கம்பெனி மனுப் போட்டது. தம்பிக்குப் பேச வரும். கையெழுத்து வாங்கினான், கூட்டம் போட்டான், டீக்கடையில் நான்கு பேர் சேர்ந்தால் அவன் பேச்சுதான். பதாகைகளை மட்டும் என்னை எழுதச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். 'நம் மலை' என்று எழுதும்போது 'நம்' மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது.

கடைசியில் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. மக்கள் நிஜமாகவே நடமாடுகிற பகுதியை விட்டுவிட்டு மீதியைத்தான் கம்பெனிக்குக் கொடுப்பார்களாம். கூட்டம் வேண்டாம், வழிகாட்ட ஒருத்தர் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஒருத்தர் என்றால் வேறு யார்?

"நீ வரவேணாம்ணா. வெயில்ல எதுக்கு அலையற? நான் பாத்துக்கறேன்," என்றான் தம்பி. பாசத்தோடுதான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

முதல் நாள் மாலை மலைக்குப் போனேன். பாதிக்கு மேல் மண்ணே கிடையாது, மொட்டைப் பாறை. கால்தடம் விழாது, புள்ளிகள்தான் வழி. கறுப்பு, வெள்ளை, ஒரு துளி காவி சேர்த்துப் பாறை நிறத்தில் ஒரு டப்பா கலந்து எடுத்துப் போயிருந்தேன். நிறம் கலப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பத்தொரு புள்ளிகளை மூடினேன். காய்ந்ததும் எனக்கே சட்டென்று தெரியவில்லை. சத்தியமாக மலையைக் கெடுக்க நினைக்கவில்லை. பாதி வழியில் அவன் திருதிருவென்று முழிக்க வேண்டும். எனக்குப் போன் போட்டு, "அண்ணா, வழி தெரியல" என்று அதிகாரி காதுபட ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். மறுநாள் காலையிலேயே சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை அது அடிக்கவில்லை. மலையில் என்ன நடந்தது என்று தம்பியும் வந்து சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. கீழ்ப் பாதி மக்களுக்கு. மேல் பாதியில் பாதையோ நடமாட்டமோ இல்லை என்பதால் அது குவாரிக்கு. தலைக்கு மேல் வெடி வைக்கும்போது கீழே எவன் நடக்கப் போகிறான்?

தம்பி வாசலிலேயே நின்றான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"ஒரு மணி நேரம் சுத்தினோம்ணா. மேல ஒரு புள்ளிகூடக் கண்ணுல படல. மழையில போயிருச்சு போல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணத்தான் எடுத்தேன். ஆனா அதுக்கு முன்னாடிதான் அவர்கிட்ட சொல்லியிருந்தேன், இந்த வழியே எங்க அண்ணன் போட்டதுதான் சார், பத்தொன்பது வருஷமா ஒத்தை ஆளா பாத்துக்கறாருன்னு. நீ சொல்லாட்டியும் அண்ணி எனக்கு எப்பவோ சொல்லிட்டாங்க. அப்புறம் உன்னையே கூப்பிட்டு வழியைக் காணோம்னு சொன்னா, உன்னைக் குறை சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

ஆட்சேபம் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது, புள்ளிகளை மறுபடி வைத்துப் படம் எடுத்து அனுப்பலாம் என்றான். "புதுசா வெச்சா நேத்து வெச்சதுன்னு சொல்லிடுவாங்க," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது கோட்டும் அங்கேயேதான் இருக்கின்றன. அந்த அடுக்கைப் பார்த்தால் பெயின்ட் தெரிந்த எவனும் அதன் வயதைச் சொல்லிவிடுவான். மேலே கிடப்பதைச் சுரண்டினால் போதும்.

மறுநாள் காலை அவனை அழைத்துக்கொண்டு ஏறினேன். மூடிய முதல் புள்ளியின் முன்னால் உட்கார்ந்து பிளேடை வைத்து இழுத்தேன். பாறை நிறம் சுருண்டு வந்தது. அடியில் வெள்ளை, நகத்தின் கனத்துக்கு. தம்பி ஒரு செதிலை எடுத்து விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்கண்ணா. கம்பெனி ஆளுங்களா இருக்குமோ?"

தலையாட்டினால் போதும். ஊரே நம்பும். அவன் எல்லோருக்கும் முன்னால் நம்புவான்.

"நான்தான்," என்றேன்.

அவன் கத்தவில்லை. அந்தச் செதிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தான்.

"இதை எழுதிக் கொடுப்பியா?"

"கொடுக்கறேன்."

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

எழுந்து நின்று மேலே தேடினான். கண்ணுக்கு எட்டிய தூரம் மொட்டைப் பாறைதான்.

"அடுத்தது எங்க இருக்கு? எனக்குத் தெரியலண்ணா."

அந்த நேரத்திலும் எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் ஏறினேன். பின்னால் அவன் காலடிச் சத்தம், நான் நின்ற இடங்களில் நின்று, நான் நடந்தபோது நடந்து வந்தது.