இல்லை சார்

அப்பாவைப் பக்கவாட்டில் புரட்டி, அடியில் கிடந்த ஈரத் துணியை உருவிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மகள் நிமிரவில்லை. ஒரு கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் புதுத் துணியை விரித்தாள். தோள் எலும்பு உள்ளங்கையில் குத்தியது. வருடக்கணக்கில் கல்மூட்டையோடு மலை ஏறி இறங்கிய தோள்.

“ஐயா முழிச்சிருக்காங்களாம்மா?”

தண்ணீருக்குப் போர் போடும் போர்க்காரர்தான். நேற்றும் வந்தார், முந்தாநாளும் வந்தார்.

“துணி மாத்துறேன். கொஞ்சம் நில்லுங்கண்ணே.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அறை மூலையில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நுரையீரல் இரண்டும் கல்லாகிவிட்டது, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று அளந்து பேசிக்கொண்டிருந்தார் அப்பா. பெரும்பாலும் அதுவும் இல்லை.

ஊரில் அப்பாவுக்கு ‘இல்லை சார்’ என்று பெயர். ஊருக்கு மேலே இருக்கும் மலையில் இரும்புத்தாது தேட ஒரு கம்பெனி வந்தபோது, அதற்குப் பொறுப்பான ஜியாலஜிஸ்ட் அவர். துளை போடும் மெஷின் மலை ஏறியது. பாறைக்குள்ளிருந்து நீள நீளமாக உருளைக் கல்லை வெளியே எடுத்தது. அவற்றை வரிசை மாறாமல் தட்டுகளில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கினால் டீக்கடை, சலூன், பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். “சார், இருக்கா?”

“இன்னும் தெரியல” என்பார்.

அவருக்குத் தெரிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சுரங்கம் வருகிறது என்று ஒருவர் லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். ஒருவர் டிப்பர் லாரி வாங்கினார். அவளுடைய கணவன், இருந்த வேலையை விட்டுவிட்டு பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

கடைசியில் அப்பா சொன்னார்: நல்ல தாது மலைமேல் தொப்பி மாதிரி மெல்லிசாக உட்கார்ந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றினால் கீழே வெறும் சக்கைப் பாறை. இரும்பு அதில் கோடு கோடாகத்தான் ஓடுகிறது. உடைத்து எடுத்துக் கட்டுப்படியாகாது.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி பறந்து வந்தார். இதே வீட்டின் சாப்பாட்டு மேஜையில்தான் வரைபடத்தை விரித்தார். அவள் டீ கொண்டுபோய் வைத்தபோது கேட்டது.

“இந்தத் துளையில தாது இருக்கு, அந்தத் துளையிலயும் இருக்கு. நடுவுல ஒரு கோடு இழுத்துச் சேர்த்துடுங்க சார். அளவு தன்னால ஏறிடும்.”

“நடுவுல என்ன இருக்குன்னு மலைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாததுக்கு நான் கோடு இழுக்க மாட்டேன்.”

கம்பெனி மூட்டை கட்டியது. லாட்ஜின் தூண்கள் முடியாமல் நின்றன. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு ஏறியது. யாரோ இந்த வீட்டு ஜன்னலில் கல்லை விட்டெறிந்தார்கள். மளிகைக்கடைக்காரர் மீதிச் சில்லறையை முகம் பார்க்காமல் மேஜையில் வைத்தார். அவளுடைய கணவன் கடல் கடந்து போய் யாருடைய மண்ணையோ அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறான். அவனை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு, கொஞ்ச நாள் அவள் அப்பா முன்னால் தட்டு வைக்கும் சத்தம் பெரிதாக இருந்தது. அப்பா அதைக் கவனித்தார். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். மகள் இங்கே தனியாக இருக்கிறாள் என்று இங்கேயே இருந்துவிட்டார்.

துளை போட்ட மெஷினை ஓட்டியவர்தான் இந்தப் போர்க்காரர். கிழக்குச் சரிவில் போட்ட கடைசித் துளையில் துளைக்கும் கம்பி பாறைக்குள் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை, பாதியிலேயே மூடினார்கள். அந்தப் பாதிக்குக் கீழேதான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. இப்போது கிணறு வற்றின வீடுகளில் தண்ணீருக்குத் துளை போடுகிறார். அதுவும் தினம் கிடைக்கும் வேலை இல்லை.

“வாங்கண்ணே” என்றாள்.

அவர் வந்து கட்டில் ஓரத்தில் குந்தினார். “ஐயா, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் எதுவும் எதிர்பார்க்காமல் அடுத்ததுக்குப் போனார். “நான் வேற ஒண்ணும் கேக்கலய்யா. அந்த கெழக்குச் சரிவு. கம்பி மாட்டினதே, அது சும்மா மாட்டலய்யா. அந்த எடத்துல கல்லோட குணமே மாறிச்சு. மெஷின் சத்தம் மாறிச்சு. என் கைக்குத் தெரிஞ்சுதுய்யா.”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவரால பேச முடியாது.”

“பேச வேணாம்மா. தலைய ஆட்டினா போதும். ஐயா, கம்பெனி போயிடுச்சு, அதிகாரி போயிட்டான். இனி யாருக்குப் பயம்? கீழ இருக்குதானே? இருக்குன்னு ஒரு வார்த்த. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மெஷின் இரைந்தது. போர்க்காரர் நகர்வதாக இல்லை. அப்பாவின் கண்கள் கூரையிலிருந்து மெதுவாக இறங்கி அவர் முகத்தில் வந்து நின்றன. உதடு பிரிந்தது. முதல் தடவை காற்றுதான் வந்தது.

“இருக்கு.”

போர்க்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் கூப்பி, பின்னோக்கியே நடந்து வெளியே போனார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கட்டிலருகே வந்து குனிந்தாள். “அப்பா. நெஜமாவே இருக்கா?”

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். தெளிவாகத்தான் அசைத்தார்.

“பின்ன ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். “சொன்னாதான்... போவான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், அவரும் சிரிக்கிறாரா என்று. தெரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கண்ணால் காட்டினார். ஸ்பூனில் எடுத்து உதட்டில் விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. துடைத்தாள்.

மதியம் அவள் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது மெஷின் இரைந்துகொண்டிருந்தது, அப்பாவின் நெஞ்சு அசையவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய் சுவிட்சை அணைத்தாள். வீட்டில் அவ்வளவு அமைதி வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். தூக்குவதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும், யாரிடம் சொல்லலாம் என யோசித்துக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் கேட்காமலே நாற்காலிகள் அனுப்பினார். டீக்கடை அக்கா ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்து அடுப்பங்கரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். லாட்ஜ்காரர், அந்த வீட்டு வாசலையே மிதிக்காதவர், அப்பாவின் காலடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றவர் தெரு முனை தாண்டுமுன்பே சொல்லிவிட்டிருக்கிறார்.

“என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாருங்க” என்று வாசலில் போர்க்காரரின் குரல் கேட்டது. அப்பா கையைப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே கதை இன்னொரு குரலில் வந்தபோது அப்பாவின் கண்ணில் தண்ணீரும் வந்திருந்தது. மறுநாள் காலையில் கதை வேறு திசையில் வளர்ந்துவிட்டது.

“அந்த அதிகாரிதான் மெரட்டி வாயக் கட்டியிருக்கான்” என்று டீக்கடை அக்கா அவள் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள். “வேற எடத்துல சுரங்கம் வச்சிருப்பானுங்க, இத அமுக்கணும்ல. பாவம் மனுஷன். பொய்ய நெஞ்சுல சொமந்துகிட்டே இத்தன வருஷம் நம்ம கிட்ட பேச்சு வாங்கியிருக்காரு. போற நேரத்துலயாவது உண்மையச் சொல்லணும்னு தோணிச்சே, அதுக்கே புண்ணியவான்.”

மகளின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ தரையில் கொட்டியது. “விடும்மா, நான் துடைக்கிறேன்” என்று அக்கா துணி எடுக்கப் போனாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கணவன். பின்னால் ஏதோ வண்டிகளின் உறுமல்.

“டிக்கெட் கெடைக்கலம்மா. எவ்வளவோ பாத்துட்டேன். மாமா மொகத்தக்கூட...” நிறுத்தினான். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மாமா சொல்லிட்டாராமே. போர்க்காரர் வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருக்காரு. நீ பக்கத்துலயே இருந்தியாம்.”

“ம்.”

“இங்க ஒப்பந்தம் முடியுது. மறுபடியும் கையெழுத்துப் போடணும். போட்டா நடுவுல வர முடியாது. போடாம வந்துடட்டுமா? யாராவது ஒரு கம்பெனி வராமயா இருப்பான்? நம்ம ஊர்லயே, நம்ம வீட்லயே இருந்துக்கலாம். சொல்லு.”

டீக்கடை அக்கா தரையைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில், முன்பக்கம் யார் தோள் கொடுப்பது என்று ஆண்களுக்குள் சின்னத் தகராறே நடந்துகொண்டிருந்தது.

“நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

வண்டிகளின் உறுமல் தூரமானது. அவன் தள்ளி வந்திருக்க வேண்டும்.

“பக்கத்துல ஆள் இருக்காங்களா?”

“ம்.”

“போடட்டுமா?”

“போடுங்க.”

“சாப்பிட்டியா?” என்றான் கடைசியில். பதில் வருவதற்குள் வைத்துவிட்டான்.

“யாரு, வீட்டுக்காரரா?” என்றாள் அக்கா. “வந்துடுவாருல்ல இனிமே?”

“லீவு கெடைக்கலையாம்.”

தூக்கும் நேரம் வந்தது. முன்பக்கம் போர்க்காரருக்குத்தான் கிடைத்தது. சுத்தமான சட்டை போட்டு, முகம் மழித்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். அவள் அவரிடம் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அப்பா ஒருநாளும் பொய் சொன்னதில்லை அண்ணே, நேத்து ஒரு தடவையைத் தவிர. வாய்வரை வந்துவிட்டது.

“அண்ணே, அப்பா...”

“சொல்லும்மா.”

அவர் தோளில் அப்பாவின் பாரம் இருந்தது. அந்த முகத்தை அவள் பார்த்தாள்.

“மெதுவாப் போங்க. வழி மேடா இருக்கு.”

“நான் பாத்துக்கறேம்மா. அவரு என் பொறுப்பு.”

இடுகாடு மலையடிவாரத்தில் இருந்தது. குழி வெட்டியவர்கள் சிரமப்பட்டிருந்தார்கள். மண்ணை விடக் கல் அதிகம். வெட்டி மேலே போட்ட குவியல் முழுக்கச் செங்கறுப்பாக, தலையளவும் கையளவுமாகக் கல் கிடந்தது. மழை எத்தனையோ காலமாக உச்சியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் ஓர் ஆள் ஆழத்துக்கு அதுதான். கீழே என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்பாவை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அவள் போட்டாள். உள்ளங்கை ரேகையெல்லாம் சிவந்துபோனது. ஒதுங்கி நின்றாள்.

போர்க்காரர் குவியலில் குனிந்து கை நிறைய அள்ளினார். மண்ணைக் குழிக்குள் விட்டார். உருண்டையாக ஒரு கல் மட்டும் கையில் தங்கியது. அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார். பக்கத்திலிருந்த லாட்ஜ்காரரிடம் கொடுத்தார். அவரும் எடை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது சிலருடைய கை மூடியே இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி நடந்தார்கள். அவளுக்கு முன்னால் போர்க்காரர் நடந்துகொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் பை ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது.